அடைப்பு

பூச்சு இன்னும் காயவில்லை. எபநேசர் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மரவள்ளிக் காட்டு வேலை முடிந்து வந்த செவ்வந்தி தன் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ஐயோ, யாரு சார் இத அடைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நாங்களே பண்ணோம்," என்றார் எபநேசர், அடக்கமாக.

சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கதவில் பூட்டு. புருஷனும் பெண்டாட்டியும் மாட்டுக் கொட்டகையில் படுக்கிறார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்க்கத் தாம்பரத்துச் சபை ஒன்று கல்வராயன் மலையடிவாரத்துக்கு அனுப்பியிருந்த கோடைக்கால ஊழியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போன கோடையில் வேறொரு ஊரில் அவர் போட்ட கூரை முதல் மழைக்கே இறங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரி, கொடுத்த வேதாகமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினாள். அதிலிருந்து மழைச் சத்தம் கேட்டால் எபநேசருக்குத் தூக்கம் வருவதில்லை. 'இந்தத் தடவை ஒரே ஒரு ஆளாவது நான் கட்டிய சுவருக்குள் நனையாமல் தூங்க வேண்டும், ஆண்டவரே.' அவருடைய ஜெபம் இப்போதெல்லாம் அவ்வளவுதான்.

"அது இடிஞ்ச ஓட்ட இல்ல சார், இடிச்ச ஓட்ட," என்றான் செவ்வந்தியின் புருஷன் சின்னராசு. அவனுடைய மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. "எங்கப்பா அவிட்ட நட்சத்திரத்துல போயிட்டாரு. அடைப்பு. அந்த மாதிரி சாவ வாசப்படி வழியா தூக்கக்கூடாது. செவுத்த இடிச்சி அந்த வழியாத்தான் தூக்கிக்கினு போனோம். ஆறு மாசம் வூட்டப் பூட்டி வெக்கணும். அந்த ஓட்டையும் அப்டியே கெடக்கணும்."

"அவர் திரும்பி வருவாருன்னு பயமா?"

சின்னராசு மனைவியைப் பார்த்தான். "வந்தாலும் செத்தவரு செத்தவருதான் சார். பூசாரி சொல்லிட்டாரு."

"ராவானா உள்ள கொறட்ட சத்தம் கேக்குது," என்றாள் செவ்வந்தி.

"பேய் குறட்டை விடுமாம்மா?"

"உசுரோட இருக்கும்போதும் உடுவாரு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப உள்ள இருந்தா எப்டி வெளிய வருவாரு? வெளிய இருந்தா எப்டி உள்ள போவாரு?"

எபநேசர் படித்த வேதாகமக் கல்லூரியில் இந்தப் பாடம் நடத்தப்படவில்லை.

எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். காலையில் பூசும்போதே, "ஒரு ஆளு நொழையற அளவு உட்டு வெய்யேன் தம்பி," என்று சொல்லிப் பார்த்தவர். "பாம்பு வரும்யா," என்று எபநேசர்தான் மறுத்துவிட்டார்.

செவ்வந்தி ஒரு இலையில் சோறு போட்டுச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள். கிழவர் எழுந்து வந்து, இலையை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஐயா! அது செத்தவருக்கு வெச்சது!"

"தெரியும் தம்பி," என்றார் கிழவர். "ஊறுகா வெக்கல, பாத்தியா?"

எபநேசர் கொட்டகைக்குப் போய்க் கேட்டார். "யாரும்மா அந்தப் பெரியவர்?"

செவ்வந்தி கிழவரை நேராகப் பார்த்தாள். "எந்தப் பெரியவரு? அங்க யாரும் இல்லியே."

ஏழையின் கண்ணுக்கு ஏழையே தெரிவதில்லை என்று எபநேசர் மனம் நொந்தார். ஊருக்குத் திரும்பியதும் அதையே பிரசங்கமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

மறுநாள் காலை, அடைத்ததைப் பெயர்க்க உளியோடு போனார்கள். கிழவர் வேப்பமரத்தடியில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தார். சிமெண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தது. எபநேசர் அடித்த நாலாவது அடியில் ஓட்டை திறக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த மண்சுவர் முழுவதும் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்," என்றான் குழுவில் ஒருவன், பழக்க தோஷத்தில்.

கிழவர் மட்டும் முகம் மலர்ந்தார். "இது தேவல. காத்து வருது."

அன்று இரவு குறட்டை தெருக்கோடிவரை கேட்டதாம். சுவர் இல்லாததால் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. விடிந்ததும் ஊரே திரண்டு அய்யனார் என்ற அந்தப் பூசாரியைக் கூட்டிவந்தது.

"வூட்டத் தொறந்துட்டீங்க," என்றார் பூசாரி. "இனிமே எறும்பு பூர்ற வழிகூட இல்லாம அடைக்கணும். இன்னியிலேர்ந்து மறுபடியும் ஆறு மாசம்."

"மழை வருதே. இவங்க எங்க படுப்பாங்க?"

"அத இடிக்கறதுக்கு மின்னாடி கேட்டிருக்கணும்."

கள்ளக்குறிச்சியிலிருந்து ஹாலோ பிளாக் வந்து இறங்கியது. எபநேசர் கண்ணீரும் வேர்வையுமாகக் கட்டினார். தூக்குக்குண்டு பிடித்து, கம்பி வைத்து, இரண்டு பக்கமும் பூசி, வாழ்நாளிலேயே அவர் கட்டிய உருப்படியான சுவர் அதுதான். அதற்குள் யாரும் தூங்கக்கூடாது.

"சன்னலு?" என்று கேட்டார் கிழவர்.

"இல்லங்கய்யா. பூசாரி சொல்லிட்டார்."

"ஆமா. அவரு சொன்னா சொன்னதுதான்."

கிளம்பும் நேரத்தில் மலைப்பக்கம் கறுத்து, முதல் தூறல் விழுந்தது. கொட்டகைக்கூரைமேல் குழுவின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு எபநேசர் வேனுக்கு நடந்தார். சின்னராசு கும்பிட்டான். செவ்வந்தி புதுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் சோற்று இலை, இந்தத் தடவை ஊறுகாயோடு.

வேப்பமரத்தடியில் கிழவர் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எபநேசர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார்.

"நனையாதீங்கய்யா, வீட்டுக்குப் போங்க. உங்க வீடு எது?"

கிழவர் சாக்குக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டிப் புதுச் சுவரைக் காட்டினார்.

"இதான் தம்பி. சுடுகாட்டுல எழுந்து உக்காந்து திரும்பி வந்ததுலேர்ந்து, நீ அடைச்சியே அந்த ஓட்ட, அதுல நொழஞ்சிதான் ராவுல படுத்துக்கினு இருந்தேன்."