கோல்கீப்பர் கட்டிய கயிறு

மலாக்காவில், காஜா பெராங் திடலில் தெய்வமே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்து பிடிக்கிறது என்று பத்திரிகையில் வந்துவிட்டது. பத்திரிகையில் வந்தால் பொய்யாக இருக்குமா? அதுவும் 1943-ல்? ஜப்பான்காரன் பார்த்து முத்திரை குத்திய பிறகு வெளிவரும் செய்தியாயிற்றே!

தெய்வத்தின் பெயர் சேதுபதி. வயது இருபத்து நான்கு. பிழைப்பு, தேங்காய் எண்ணெயில் துணி துவைக்கும் சவுக்காரம் காய்ச்சுவது. காஜா பெராங் குழுவின் கோல்கீப்பர். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கோல் கம்பங்களிலும் மூன்று பட்டை விபூதி பூசுவான். மண்டியிட்டுக் கும்பிட்டு, "முருகா!" என்று ஒரு சத்தம் போடுவான். பிறகுதான் எழுந்து நிற்பான். ஏழு ஆட்டமாக அவனைத் தாண்டி ஒரு பந்துகூடப் போகவில்லை.

இந்த அற்புதத்தை உலகுக்கு அறிவித்தவர் நிருபர் நடராஜன். அவர் பாவம் என்ன செய்வார்? அரிசி எங்கே போயிற்று என்று எழுத முடியாது. சயாமுக்கு ஆள் ஏற்றிப்போன லோரி ஏன் வெறும் லோரியாகத் திரும்புகிறது என்று எழுதினால், எழுதியவரும் அதில் ஏற வேண்டியதுதான். கோல்கீப்பர் நெற்றியில் எத்தனை பட்டை என்று மட்டும் தாராளமாக எழுதலாம். எழுதித் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமை விரதத்தில் நம் வீரர் பச்சைத் தண்ணீர் மட்டுமே அருந்தினார்." "இடது கம்பத்துப் பட்டை சற்றே கோணல், பக்தர்கள் கவலை." ஒரு நாள் சேதுபதி கருவாட்டுக் கடைப் பக்கம் போனதை எவனோ பார்த்துவிட்டான். அந்த வாரம் அரைப் பத்தி: "வீரர் கருவாடு வாங்கினாரா? ஊர் விளக்கம் கேட்கிறது." விளக்கம் வேறொன்றுமில்லை. அந்தக் கடைக்குப் பின்னால்தான் அவன் வீடு.

"அண்ணே, தினமும் விடியக்காலையில சுவத்துல பந்தடிச்சுப் பிடிச்சுப் பழகுறேன். விரலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு! இதையும் கொஞ்சம் எழுதுங்களேன்" என்று சேதுபதி ஒருமுறை கையை நீட்டினான்.

நடராஜன் குனிந்து பார்த்தார். விரலை அல்ல, மணிக்கட்டை. அங்கே கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை. "இது யாரு தம்பி கட்டுனது?"

கட்டியவர் ஸ்ரீலஸ்ரீ மாணிக்கவாசக சுவாமிகள். சண்டைக்கு முன் சந்தையில் பல்பொடி விற்ற அதே மாணிக்கவாசகம்தான். அவர் வாயிலேயே மூன்று பல் கிடையாது. அதனால் பல்பொடி போணியாகவில்லை. பல்பொடிக்குப் பல் வேண்டும், ஆன்மீகத்துக்குத் தாடி போதும் என்று ஞானம் பெற்றுத் தாடி வளர்த்தார். சேதுபதிக்குக் கயிறு கட்டினார். அன்று முதல் கோல் விழவில்லை. பத்திரிகை ஊதியது, கூட்டம் நெரிந்தது. சுவாமிகள் வாய் திறந்தார்:

"பந்தே அண்டாத கயிறு! சயாம் அண்டுமா?"

அவ்வளவுதான். ஊரே கையை நீட்டியது. சயாமில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான். முதலில் பெயர்ப் பட்டியல் வரும், பிறகு லோரி வரும், ஏறினவனிடமிருந்து கடுதாசி வராது. எந்த வீட்டில்தான் பயமில்லை? கயிற்றுக்குக் காணிக்கை தங்கமாகவோ அரிசியாகவோ மலேரியாவுக்குப் போடும் கொயினா மாத்திரையாகவோ இருக்க வேண்டும். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை சுவாமிகள் கையால் தொடமாட்டார். முக்காலமும் உணர்ந்தவரல்லவா, அந்த நோட்டின் எதிர்காலமும் தெரிந்திருக்கும்!

சுப்பையன் என்பவன் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டான். ஒரு கை தப்பித்து மறு கை மட்டும் சயாம் போய்விட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. அவனுடைய பக்கத்து வீட்டு மாட்டுவண்டிக்காரன் மருதமுத்து ஒரு கையோடு நிறுத்திக்கொண்டான். காரணம், அவன் மனைவி அஞ்சலையிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடித் தோடு. அது போனபின் அவள் காது தூராமல் இருக்க ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், சுவாமிகளின் அன்னதானத்துக்குச் சமைப்பவளும் அஞ்சலைதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரைமணி முன்னால் எதிர்க்குழுவுக்குப் பிரசாதம். அரிசி ஏது? மரவள்ளிக்கிழங்கை மசித்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, மலாக்கா வெல்லம் கரைத்துச் செய்த பொங்கல். போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் சுவாமிகள் விடமாட்டார், தம் கையாலேயே இன்னும் இரண்டு அகப்பை போடுவார். "எதிரிக்கும் அன்னமிடும் ஏந்தல்" என்று நடராஜன் எழுதியபோது பலர் கண் கலங்கினார்கள். சேதுபதி குழுவுக்கு மட்டும் ஆட்டம் முடியும்வரை விரதம்.

ஏழாவது ஆட்டத்தில் அஞ்சலைக்குப் பக்கத்தில் மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். எதிர்க்குழு ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து, "சூடா கென்யாங் லா!" என்று மலாயில் சிரித்தாள். வயிறு ரொம்பிப்போச்சு, எங்கே ஓடுவான் என்று அர்த்தம். அஞ்சலை சிரிக்கவில்லை. பொங்கல் கிண்டிய தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே பட்டியல் வந்தது. அதில் மருதமுத்து பெயர் இருந்தது, சுப்பையன் பெயரும் இருந்தது. திங்கட்கிழமை லோரி.

"என்னங்க, செங் கிராமத்துக்குப் போயிருங்க. ரப்பர் காட்டுக்குள்ள எங்கண்ணன் பொன்னுதுரை கிழங்கு போட்டிருக்கு. கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருங்க" என்று அஞ்சலை கெஞ்சினாள்.

"நீ என்னா பேசுற? ஓடுறவன் சந்தேகப்படுறவன். சந்தேகப்பட்டா கயிறு வேலை செய்யாதுன்னு சாமி சொல்லியிருக்கு."

என்ன அருமையான கயிறு பாருங்கள்! காப்பாற்றினால் அதன் மகிமை. காப்பாற்றாவிட்டால் உன் சந்தேகம். இந்த மாதிரிச் சரக்கைப் பல்பொடி விற்றபோதே மாணிக்கவாசகம் கண்டுபிடித்திருந்தால் இன்று பெரிய முதலாளி ஆகியிருப்பார்.

"சேதுபதிக்கு ஒரு கோலாச்சும் விழுந்துச்சா? நீயே சொல்லு" என்றான் மருதமுத்து.

"விழுந்தா?"

"விழுந்தா கயித்த அறுத்துப் போட்டுட்டு நீ சொல்ற எடத்துக்குப் போறேன். போதுமா?"

போதும். ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் மீனவர் குழுவோடு ஆட்டம் இருந்தது. அஞ்சலை நேரே சவுக்காரக் கொட்டகைக்குப் போனாள்.

"தம்பி, மறைக்காம சொல்லு. கயிறு கட்டுன பெறகு பந்து எப்படி வருது?"

சேதுபதி சவுக்காரம் கிண்டிய துடுப்பைக் கீழே வைத்தான். "வர்றதே இல்லக்கா. வந்தாலும் உருண்டுகிட்டு வருது. முன்னெல்லாம் பறந்து பறந்து பிடிப்பேன். இப்ப நின்னு நின்னு காலு மரத்துப்போவுது."

"பொங்கல் போட ஆரம்பிச்சதும் கயிறு கட்டுனதும் ஒரே நாளு. யோசிச்சியா?"

அவன் யோசித்தான். முகம் கறுத்தது. "எனக்கு முருகன் மேல பக்திக்கா. அது என் சொந்த விசயம். கயித்துக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா தோத்தா அந்தப் பத்திரிகைக்காரர் என்னைக் கடிச்சுத் துப்பிருவாரு."

"எங்க வீட்டுக்காரு உன்னைப் பாத்துத்தான் திங்கக்கிழமை லோரிக்கு முன்னாடி நிக்கப்போறாரு."

"முருகன் பேரச் சொல்லி ஒருத்தன் செத்தா அந்தப் பாவம் எனக்குத்தான். நான் என்னா செய்யணும், சொல்லுங்க" என்றான் சேதுபதி.

"ஒண்ணுமே மாத்தாத. விரதம் இரு, பட்டை பூசு, கயிறும் இருக்கட்டும். விட்டுக்கொடுத்து ஆடாத, உசிரக் கொடுத்துப் பிடி. மாத்த வேண்டியத நான் மாத்திக்கிறேன்."

இதுதான் பரீட்சை. மெத்தப் படித்தவர்கள் யாரும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஆட்டம். அது ஜப்பான்காரன் நம் ஊரில் திணித்த தோக்கியோ ஆறு மணி. நம் சூரியனுக்கு அப்போது நாலரைதான். சுவாமிகள் நல்ல நேரம் கணித்ததும் தோக்கியோ கடிகாரத்தைப் பார்த்துத்தான். ராகுவும் கேதுவும் ஜப்பான்காரன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுவிட்டார்கள்போல!

அஞ்சலை நடராஜனிடம் போனாள். "சார், இன்னிக்கு ஒவ்வொண்ணையும் நல்லாப் பாத்துக் குறிச்சுக்குங்க." சொல்ல வேண்டுமா? மனிதர் பட்டையை எண்ணினார், கயிற்றின் முடிச்சைத் தடவினார், கருவாட்டு வாடை வருகிறதா என்று சேதுபதியின் கையைக்கூட மோந்து பார்த்தார். எல்லாம் சுத்தம் என்று நோட்டில் ஏறியது.

சுவாமிகள் திடலுக்குப் பின்னால் அடுப்பைத் தேடி ஓடிவந்தார். "அஞ்சல, பொங்கல் எங்க?"

"விறகு ஈரம் சாமி. இன்னும் வேகல."

"அரைவேக்காடா இருந்தாலும் பரவாயில்ல, கொண்டா!"

"பச்சக் கிழங்கு வயித்தக் கெடுத்துரும் சாமி. ஆட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் போடுறேனே."

சுவாமிகளுக்கு வேர்த்தது. நேரே நடுவரிடம் போய், ஆட்டத்தை முக்கால் மணி தள்ளிவைக்கலாம் என்றார். கூட்டம் பதறியது. "சாமி, நல்ல நேரம் போயிருமே!" அதிகம் பதறியவன் சுப்பையன். தாம் கணித்த நல்ல நேரம் தம்மையே பிடித்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பித்து வைத்ததைச் சுவாமிகள் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளேபாங் பையன்கள் காலி வயிற்றோடு பறந்தார்கள். அன்றுதான் ஊர் சேதுபதியின் ஆட்டத்தைப் பார்த்தது. பாய்ந்தான், புரண்டான், முழங்கை தோலுரிய உருண்டான். பத்துப் பந்தையாவது தடுத்திருப்பான். தடுக்க முடியாமல் போனது நான்கு. நான்கும் விபூதிப் பட்டையை உரசிக்கொண்டே உள்ளே போயின.

திடல் இழவு வீடானது. மருதமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். சுவாமிகள் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "விரதம் கெட்டுவிட்டது! இவன் ஏதோ தின்றிருக்கிறான்!"

நடராஜனுக்கு ரோசம் வந்துவிட்டது. வேறு எதைப் பழித்தாலும் பொறுப்பார், அவருடைய குறிப்பை ஒருவர் பழிப்பதா? "நோட்டுல இருக்குங்க சாமி. விரதம் சரி. பட்டை சரி. கயிறு சரி. நானே மோந்து பாத்தேன்!"

அஞ்சலை அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "எல்லாம் இருந்துச்சு. பொங்கல் மட்டுந்தான் இல்ல. போன ஏழு ஆட்டம் பொங்கல் இருந்துச்சு, கோல் இல்ல. இன்னிக்குப் பொங்கல் இல்ல, நாலு கோல். எது காப்பாத்துச்சு, கயிறா, கிழங்கா?"

கிளேபாங் தலைவன் கருணாகரன் வாய்விட்டுச் சிரித்தான். "போன மாசம் சாமி போடப் போட நானும் தின்னேன் அக்கா. எந்திரிக்கவே ரெண்டு பேரு தூக்கிவிட வேண்டியதாப் போச்சு!"

"சந்தேகம்! கூட்டத்தில் யாருக்கோ சந்தேகம்!" என்றார் சுவாமிகள்.

"அப்படியா? சாமி, உங்க கையக் காட்டுங்க."

காட்டவில்லை. காட்டாவிட்டால் என்ன, ஏற்கெனவே உயர்த்தியிருந்தாரே! இரண்டு மணிக்கட்டும் வெறுமை. ஊர் முழுக்கக் கயிறு கட்டியவர் தமக்கு ஒரு முழம் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கட்டிக்கிட்டு நாளைக்கு லோரி வர்றப்போ எங்க ஆம்பளைங்களோட முன்னாடி நில்லுங்க சாமி. நீங்க தப்பிச்சா மிச்சத்த நானே எல்லாருக்கும் கட்டிவிடுறேன்" என்றாள் அஞ்சலை.

"அவசியம் நிற்பேன்" என்றார் சுவாமிகள். மருதமுத்து வண்டியில் கிடந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தான். பொழுது சாயுமுன் செங் பக்கம் நடையைக் கட்டினான். இன்னும் பலர் அவன் பின்னால் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் சுவாமிகளைக் காணோம். காணிக்கை மூட்டைகளையும் காணோம், அஞ்சலையின் தோட்டையும்தான். லோரி மட்டும் சொன்னபடி வந்தது. அரைகுறையாகவே நிரம்பியது.

அதில் சுப்பையன் இருந்தான். "சாமி ஓடல, மறைஞ்சு நின்னு காக்குறாரு" என்று சொல்லிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறான். சிப்பாய்க்குத் தெரியட்டும் என்று கயிறு கட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். பிடித்து இழுத்து ஏற்ற அது வசதியாகப் போயிற்று. அதுவரை சுப்பையனை நினைத்துச் சிரித்தவன் நான். அன்று சிரிப்பு வரவில்லை. அவன் திரும்பி வரவேயில்லை.

நடராஜன் நடந்தது எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டார். பத்திரிகையில் வந்தது ஒரே வரி: "கிளேபாங் 4, காஜா பெராங் 0."

சேதுபதி இன்றும் நெற்றியில் பட்டை போடுகிறான். கம்பத்தில் போடுவதில்லை. விடியற்காலையில் சுவரில் பந்தடிக்கும் சத்தம் கேட்கிறது.

ஏழு ஆட்டம், ஆயிரம் கண்கள். அத்தனையும் ஒரு முழம் மஞ்சள் கயிற்றையே பார்த்தன. கண்ணெதிரே அண்டா அண்டாவாகப் போன பொங்கலை ஒரு கண்ணும் பார்க்கவில்லை. மாணிக்கவாசகம் இப்போது வேறெங்கோ வேறு பெயரில் தாடி நீவிக்கொண்டிருப்பான். உங்கள் ஊருக்கும் வருவான். அவன் கயிற்றை நீட்டினால் நீங்கள் உடனே கையை நீட்டாதீர்கள். முதலில் அவன் கையைப் பாருங்கள்.