எட்டாத காது

வருகிற விசயதசமிக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே தீருவது என்று தங்கச்சாமி முடிவு கட்டினார். சிவகாசியில் சொந்தமாக அச்சாபீஸ் வைத்து, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துக் கொடுக்கிற மனிதர். முடிவு எடுத்தால் எடுத்ததுதான். வீட்டில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

மகள் பெயர் பத்திரகாளி. வயது நாலேகால். கல்யாணமாகி ஏழு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. பிள்ளை கொடு தாயே என்று கேட்டார்கள். அந்தத் தாய் பேச்சையும் கொசுறாகக் கொடுத்துவிட்டாள். காலையில் கண்ணைத் திறக்குமுன் வாயைத் திறப்பாள். சாப்பிடும்போது பேசுவாள், குளிக்கும்போது பேசுவாள், தூக்கத்தில் மறுநாளைக்கு ஒத்திகை பார்ப்பாள். பகலெல்லாம் அப்பாவோடு அச்சாபீசுக்குப் போய் அங்கேயும் பேசுவாள்.

வினை அங்கேதான் வந்தது. தாயில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி நடத்தும் சங்கரலிங்கம், மயில் மார்க் லேபிளுக்குப் பெரிய ஆர்டரோடு வந்திருந்தார். மாதிரித் தாளைக் கையில் பிடித்து, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்திரகாளி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இந்த மயிலுக்கு ஏன் கோழிக்காலு?"

சங்கரலிங்கம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பாப்பா சொல்றது சரிதான் அண்ணாச்சி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். அப்புறம் வரவே இல்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் தங்கச்சாமி மனைவி வேலுத்தாயிடம் முழங்கினார்.

"இவளைப் பள்ளிக்கூடத்துல போட்டாத்தான் நான் தொழில் பண்ண முடியும்."

"ஒத்தப் பிள்ளை. இன்னும் ஒரு வருசம் நம்ம கூட இருக்கட்டுமேங்க. அஞ்சு வயசு ஆகணும்ல?"

"வயசை யாரு பாக்கா? வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொட்டுட்டா அஞ்சு வயசு. அம்புட்டுத்தான் சட்டம்."

"அவளுக்கு எட்டாதே."

"எட்ட வைப்பேன்!"

"சரிங்க."

பதினோரு வருசக் குடித்தனத்தில் வேலுத்தாய் ஒரே சொல்லில் சம்மதித்தது அதுவே முதல் தடவை. அப்போதே தங்கச்சாமி உசாராகியிருக்க வேண்டும். மனிதர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

அது ஐம்பத்தேழாம் வருசம். சர்க்கார் ஐந்தாண்டுத் திட்டம் போட்டிருந்தது. தங்கச்சாமி பத்து நாள் திட்டம் போட்டார். தினமும் விடிந்ததும் மகளை முற்றத்தில் நிறுத்துவார். படிய எண்ணெய் தேய்த்து வாரிய தலைக்கு மேல் அவள் கையை வைப்பார்.

"நீட்டு தாயி. இன்னும் நீட்டு."

"அப்பா, காதை இங்கிட்டுத் தள்ளி வச்சா என்ன?"

"காது நகராது தாயி."

"கை மட்டும் ஏன் நகருது? காதுக்குக் கோவமா?"

பத்தாம் நாள் விரல் நுனி காதைத் தொட்டுவிட்டது. அப்பாவும் மகளும் முற்றத்தில் கூத்தாடினார்கள். வேலுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தொட்டுட்டாளா? நல்லதுங்க. நல்ல நாளும் அதுவுமா பிள்ளையை வெறுந்தலையோடவா அனுப்புறது? நாளைக்கு நான் பூ வச்சுத் தச்சு அனுப்புறேன்."

விசயதசமியன்று ஒன்றரை மணி நேரம் கட்டட வேலை நடந்தது. மல்லிகை ஒரு வரிசை, கனகாம்பரம் ஒரு வரிசை, மேலே தாழம்பூ மடல். உச்சந்தலையில் கோபுரமே எழுந்து நின்றது. கலசம் ஒன்றுதான் பாக்கி. தங்கச்சாமி பார்த்துப் பூரித்துப் போனார். பெண்டாட்டி இவ்வளவு சந்தோசமாக ஒத்துழைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

தெருவில் நடக்கையில் பத்திரகாளி ஆகாயத்தைப் பார்த்தாள்.

"அப்பா, சூரியனுக்கு யாரு திரி வச்சா?"

"சாமி."

"அப்ப நிலா? அது நமுத்துப் போன சூரியனா?"

தங்கச்சாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே நாலு எட்டு வைத்தவர் நடையைத் தளர்த்தினார். நாளையிலிருந்து இந்தக் கேள்வியெல்லாம் வாத்தியாருக்கா? நிலா நமுத்துப் போனதை அவர் காதில் போட்டுக்கொள்வாரா, வாயில் விரலை வை என்பாரா? அச்சாபீசில் நாள் முழுக்க மிசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தான் மட்டும் என்ன செய்வது? ஆனாலும் ஆண்பிள்ளை எடுத்த முடிவு. திரும்பிப் போனால் வேலுத்தாய் சிரிப்பாள். நடந்தார்.

தலைமையாசிரியர் கனகசபாபதி கண்டிப்பானவர்.

"பேர் என்ன?"

"பத்திரகாளி. உங்க மூக்குக் கண்ணாடிக்கு ஏன் கயிறு? ஓடிப் போயிருமா?"

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். "காதைத் தொடு, பாப்போம்."

பத்திரகாளி கையைத் தூக்கினாள். கை கோபுரம் ஏறியது. தாழம்பூவைத் தாண்டவே பாதிக் கை செலவாகிவிட்டது. அந்தப் பக்கம் இறங்கிய விரல்கள் காதுக்கு மேலே அந்தரத்தில் நின்று ஆடின.

"நேத்துத் தொட்டுச்சு சார்!" என்றார் தங்கச்சாமி.

"நேத்து இருந்த கை இன்னைக்கு எங்க போச்சு? வாய்க்கு ஏழு வயசு ஆயிருச்சு, கைக்கு இன்னும் ஆகலை. நான் கையைப் பாத்துத்தான் சேக்க முடியும். அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க."

தோற்றவன் முகம் வாட வேண்டும். தங்கச்சாமிக்கு உள்ளுக்குள் இளநீர் இறங்கின மாதிரி இருந்தது. வெளியே வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தலை கனக்குதுப்பா. அம்மா துணியை உருண்டையா உருட்டி உள்ள வச்சு, அதுமேல பூ வச்சுத் தச்சாக."

தங்கச்சாமி நின்றார். பூவை விலக்கிப் பார்த்தார். தேங்காய் அளவுக்கு ஒரு துணி உருண்டை. எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசல் பத்தடியில் திறந்து கிடந்தது. உருண்டையை எடுத்துவிட்டு உள்ளே போனால் கை எட்டும். பிள்ளை சேர்ந்துவிடும்.

"அப்பா, சார்கிட்ட சொல்லட்டா?"

"மெதுவாப் பேசு தாயி! அவர் காதுல விழுந்துரப் போகுது."

பூவைப் பழையபடி மூடிவிட்டு, பின்னால் நாய் துரத்துகிற வேகத்தில் நடையைக் கட்டினார். ஆயிரம் முறை கடிந்துகொண்ட அந்த வாய்க்கு ஆசை தீர முத்தம் கொடுத்தார். இன்னும் முழுசாக ஒரு வருசம். அதற்காக அம்மனுக்கும் நன்றி சொன்னார், வேலுத்தாய்க்கும் மனசுக்குள்ளேயே நன்றி சொன்னார். வெளியே சொல்ல முடியுமா? வீட்டில் கோபமாக நடிப்பது என்று தீர்மானமாயிற்று. "உருண்டையைப் பத்தி அம்மாகிட்ட மூச்சுவிடக் கூடாது" என்று மகளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி வீசினார்.

"எல்லாம் போச்சு! கை எட்டலை! என் தலையெழுத்து, இன்னும் ஒரு வருசம் இவளை நான் கட்டி அழணும்."

"அய்யோ பாவம். எம்புட்டுச் சங்கடமா இருக்கும் உங்களுக்கு" என்றாள் வேலுத்தாய். பிறகு மகளைப் பார்த்தாள். பத்திரகாளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, எந்த நேரமும் வெடிக்கிற வெடி மாதிரி.

"என்னங்க இது? பிறந்ததுல இருந்து இவ வாயை மூடி நான் பாத்ததே இல்லை. என்ன சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீக?"

"ஒண்ணுமில்லையே."

"பூவை விலக்கிப் பாத்தீகளா?"

தங்கச்சாமி மோட்டைப் பார்த்து ஓடுகளை எண்ணினார்.

"பாத்துட்டுமா திரும்பிப் போகலை?"

அதற்கு அவரிடம் அசட்டுச் சிரிப்பு ஒன்றுதான் இருந்தது. அதைச் சிரித்தார். வேலுத்தாயும் சிரித்தாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே பத்திரகாளியும் சிரித்தாள்.

"சரி சரி, பசிக்குது, சோத்தைப் போடு" என்று பேச்சை மாற்றினார் தங்கச்சாமி.

"இங்க ஏதுங்க சோறு? நீங்க சேக்காம, அவளையும் கூட்டிட்டு நேரா வேலைக்குத்தான் போவீகன்னு தெரிஞ்சு, உங்களுக்கும் அவளுக்குமா விடியக்காலையிலயே தூக்குச்சட்டியில போட்டு அச்சாபீசுக்குக் குடுத்துவிட்டுட்டேனே!"