டார்ச்சம்மா பார்த்த வீடு

கும்பகோணம் பக்கத்துப் பாபநாசத்தில் எங்கள் தெருவில் எந்தச் சுவரும் டார்ச்சம்மாவிடம் எதையும் மறைத்ததில்லை. மனிதர்கள் மறைத்திருக்கலாம். சுவர்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

பிரசவ வார்டில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் 'சிஸ்டர்', தலை மறைந்ததும் 'டார்ச்சம்மா'. பட்டப்பகலிலும் கையில் டார்ச் இருக்கும். குழந்தைகளைப் பார்த்து முடித்த கையோடு வீடுகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு ரவுண்டு, அடைமழை விட்டதும் இன்னொன்று. எங்கள் பக்கம் களிமண். கோடையில் வெடிக்கும், தண்ணீர் கண்டதும் உப்பும். மேலே நிற்கிற வீடு மட்டும் சும்மா இருக்குமா?

இட்லி வேகிற நேரத்தில் கூப்பிடாமல் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படி. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஈரம் ஏறுது. எத்தன நாளா?"

"தெரியலையே சிஸ்டர்."

"உங்க வீட்டுச் சுவரு, உங்களுக்குத் தெரியல. டேங்க் பைப்பப் பாக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழம திரும்ப வருவேன்."

அந்தப் பயத்திலேயே என் கணவர் வியாழக்கிழமை பிளம்பரைப் பிடித்து வந்துவிடுவார். ஒரு முறை டார்ச்சம்மா எங்கள் அலமாரியில் கரையான் என்று தெருவையே கூட்டினார். பார்த்தால், என் மகள் சின்ன வயதில் அப்பி வைத்த வெல்லப்பாகு. அவர் அசரவில்லை. "இன்னிக்கு எறும்பு வரும், நாளைக்கு அது வரும். தொடச்சு வைங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் அவரை உள்ளே விடமாட்டார். "எங்க வீட்டுக்கு வியாதி ஒண்ணும் இல்லைங்க" என்பார். அவர் வீட்டை விற்க நின்றபோது, பார்க்க வந்தவர் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தார். கதவு கையோடு வந்துவிட்டது. உள்ளே மரமே இல்லை, பெயிண்ட்தான் மரம் மாதிரி நின்றிருந்தது. அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் பாதி விலைக்குக் கேட்டார்கள்.

அதைப் பார்த்த பயம் எனக்கு. மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டை நல்ல விலைக்கு விற்றால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை.

வாங்க வந்த பாய் அதிராம்பட்டினத்துக்காரர். துபாயிலிருந்து திரும்பி, கும்பகோணத்தில் கடை போடப் போகிறவர். ஹாலில் ஓரிடத்தில் சுவரைப் புதிதாகப் பூசியிருந்தோம். நிறம் ஒட்டாமல் திட்டாகத் தெரிந்ததால், ஜவுளிக்கடை காலண்டரை அதன் மேல் மாட்டி வைத்தேன். பாய் டீயை வாயில் வைக்கவும் டார்ச்சம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"வீடு பாக்க வந்தீங்களா? குடிச்சிட்டு வாங்க, நான் காட்டுறேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். டார்ச்சம்மா அதைத்தான் முதலில் கழற்றினார்.

"இங்க ஈரம் எறங்கிச்சு. மாடித் தளத்துல பதிச்ச தட்டோடு விரிசல். பேத்துட்டுப் புதுசாப் போட்டாங்க. அப்புறம் பெஞ்ச மழையில நானே வந்து பாத்தேன், எறங்கல. கொல்லக் கதவு நிலையில கரையான், மருந்து வச்சாச்சு. அடுப்படி சிலாப்புல கம்பி துருப்புடிச்சிது, இடிச்சு வேற போட்டாங்க. கொல்லக் கொழாய் இன்னும் ஒழுகுது."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் மகளின் கல்லூரி ஓர் ஊர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சுவரைத் தொட்டார். சிலாப்பைத் தட்டினார்.

"இதுவரைக்கும் பாத்த வீடெல்லாம் ஒரே பெயிண்ட் வாசம்" என்றார் பாய் கடைசியில். "கேட்டா ஒரு கொறையும் இல்லம்பாங்க. அதுதான் எனக்குப் பயம். இங்க என்ன வந்துச்சு, என்ன பண்ணீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க சொன்ன வெலையே இருக்கட்டும். அந்தக் கொழாய மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

பத்திரம் முடிந்து, மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்ததும் ஸ்வீட்டோடு டார்ச்சம்மா வீட்டுக்குப் போனேன். எப்போதும் அவர்தான் வருவார். நாங்கள் யாரும் அங்கே போனதில்லை. ஹால் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி. மேலிருந்து அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"மழ பெஞ்சா அப்படித்தான்."

"நீங்க பாக்கலையா?"

"முட்டி வலிம்மா, மாடி ஏற முடியல. வேற யாரு வந்து பாக்குறா?"

ஸ்வீட்டை வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடி ஏறினேன். தண்ணீர் போகிற துளையில் சருகு அடைத்து, தளமெல்லாம் குளம். கையாலேயே அள்ளிப் போட்டேன். "அந்த மூலையையும் பாரும்மா, விட்டுடாத" என்று படியடியில் நின்று அதட்டிக்கொண்டே இருந்தார். எல்லா மூலையையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

தஞ்சாவூரில் நல்ல வீடு வாடகைக்குக் கிடைத்தும், இந்தத் தெருவிலேயே ஒரு பழைய வீட்டை ஏன் பிடித்தேன் என்று என் கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.