டர்போவா, சொந்த மூச்சா?

கார் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டத் தெரிந்தவர்களையும் தெரியும். இந்த இரண்டிலும் சேராமல், ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே காலம் தள்ளும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதற்கு என்ஜின் ஆலோசகர் என்று பெயர். மந்தைவெளி சுப்புராயன் அதில் முதல் தரம். அவர் ஆபீசுக்குப் போவது பஸ்ஸில். அதனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடையாற்றில் மெக்கானிக் லூர்துசாமியின் ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே தி. நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை கனகராஜின் பழைய ஹெரால்டு கார், என்ஜினைப் பிரித்துப் போட்ட நிலையில் நின்றுகொண்டிருந்தது. பிப்ரவரியில் சோழவரத்தில் ரேஸ். "ஒரே ஒரு தடவை ஓட்டிக்கோ. அப்புறம் வண்டிய வித்துட்டுக் கல்லாவுல வந்து உக்காரு" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

வண்டியின் வேகத்தைக் கூட்ட இரண்டு வழி. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவை மாட்டலாம். துறைமுகத்தில் கழித்துப்போட்ட கிரேன் ஒன்றிலிருந்து லூர்துசாமி அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இல்லையென்றால் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, பெரிய கார்புரேட்டர் போட்டு, என்ஜினைச் சொந்த மூச்சிலேயே ஓடவிடலாம். சீவிய ஹெட்டுக்கு டர்போ ஒத்துவராது. ஆகவே முதலில் முடிவு, பிறகுதான் ஸ்பானர்.

"டர்போதான் தம்பி! இனிமே உலகமே அதுதான்" என்றார் சுப்புராயன், ஜூலையில். இங்கிலீஷில் படித்துவிட்டுச் சாக்பீஸால் தரையில் படமும் போட்டுக் காட்டுகிறவரை யார் மறுத்துப் பேசுவது?

ஆகஸ்டில், "வேணாம்பா. மிதிச்சா உடனே இழுக்காது. சொந்த மூச்சுதான் ராஜா" என்றார்.

பழைய பத்திரிகைகள் தேதி வரிசையிலா கிடைக்கும்? மறுப்புக் கட்டுரை ஆகஸ்டிலேயே அகப்பட்டுவிட்டது. அது எதை மறுத்ததோ அந்த மூலக் கட்டுரை தீபாவளிக்குத்தான் அகப்பட்டது. தான் கடைசியாகப் படித்ததே உலகம் கடைசியாகக் கண்டுபிடித்தது என்று சுப்புராயன் மனப்பூர்வமாக நம்பினார். மறுபடியும் டர்போ. கார்த்திகையில் மறுபடியும் சொந்த மூச்சு.

லூர்துசாமிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், வாரத்துக்கு ஒண்ணு சொல்லிக்கினு கீற? நட்டெல்லாம் துரு புடிக்குது."

கனகராஜ் கெஞ்சினான். "அண்ணாச்சி, பொங்கல் வந்துட்டு. எதையாவது ஒண்ண மாட்டிருவோம். தோத்தாலும் ஓட்டிட்டுத் தோக்கேன்."

"எதையாவதா?" சுப்புராயன் நிஜமாகவே புண்பட்டுப்போனார். "அவசரப்பட்டு ஒரு நல்ல என்ஜினைக் கெடுத்துக்காதே தம்பி. இன்னும் ஒரே ஒரு இதழ் கிடைக்கணும். பார்த்துட்டு முடிவா சொல்லிடறேன்."

ரேஸ் நாள் வந்தது; இதழ் வரவில்லை. ஹெரால்டு ஷெட்டிலேயே நின்றது. கனகராஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றான். பக்கத்தில் குடையோடு சுப்புராயன்.

மற்ற வண்டிகளெல்லாம் ஓடி முடித்த பிறகு, இன்னொரு பழைய ஹெரால்டு எண்ணெய் ஒழுகப் புகை கக்கிக்கொண்டு, கடைசியாக வந்தது. ஓட்டியவன் முகமெல்லாம் கரி. கூட்டத்தைப் பார்த்து ஒரே சிரிப்பாகக் கையை ஆட்டினான். கனகராஜ் கை வலிக்கத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தியா?" என்றார் சுப்புராயன் திருப்தியோடு. "அவசரப்பட்டு எதையோ மாட்டியிருக்கான்."

மறுநாள் காலை கனகராஜ் கல்லாவில் இருந்தான்.

சுப்புராயன் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறது அல்லவா? நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பையனுக்காக வருத்தப்படுவதற்கு முன்னால், 'உண்மையில் அந்த வண்டிக்கு எதைத்தான் மாட்டியிருக்க வேண்டும்?' என்று ஒரு நொடி யோசித்தீர்களா, இல்லையா? யோசித்திருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் தயவுசெய்து லூர்துசாமியின் ஷெட்டுப் பக்கம் போகாதீர்கள். அங்கே இப்போது வேறொரு பையனின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.