பொக்கற் வைத்த கன்றுப்பை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை.

யோகநாதன் அண்ணை தோற்றதை நம்பினேன். உருத்திரபுரமே கூடி நின்று பார்த்த விசயம் அது. நானும் கூட்டத்தில் நின்றேன். மேடைக்கு முன் நடந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. வேலிக்குப் பின் நடந்ததில்தான் சந்தேகம். அந்தப் பகுதியை எனக்குச் சொன்னவள் என் மனைவி. அவளுக்குச் சொன்னவர் விமலேஸ்வரி அக்கா, அதாவது யோகநாதன் அண்ணையின் மனைவி. பக்கத்து வீடு. எத்தனை தரம் கேட்டாலும் என் மனைவியின் வாயில் ஒரு சொல் மாறாது. உண்மையைச் சொல்கிறவர்கள் அங்கங்கே தடுமாறுவார்கள் என்பது என் எண்ணம். அதோடு ஒரு கணக்கும் இடித்தது. அது கடைசியில் வரும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு. யோகநாதன் அண்ணை தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். சண்டையாலும் சாமான் தடையாலும் வன்னிக்குக் கடிதம் வருவதே அருமையாகிப்போன காலம். முத்திரை குத்திய கை சும்மா கிடக்குமா? தோட்டத்தில் இறங்கியது. இறங்கியது என்றால் மண்வெட்டி பிடித்தது என்று அர்த்தமில்லை. சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தது. ஞாயிறு விடிந்தால் அண்ணை நேர்சரி நேர்சரியாகப் போய்விடுவார். விதைப்பண்ணையில் ஒட்டு மாங்கன்றைச் சுற்றி மூன்று தரம் நடப்பார். கோயில் வளவில் குரோட்டன் இலையை எண்ணுவார். கடைசியில் ஸ்கந்தபுரத்தில், வாய்க்கால் ஓரம் கிடுகுக் கூரை போட்டுக் கன்று விற்கும் பழனியாண்டியிடம் வந்து வாங்குவார்.

விமலேஸ்வரி அக்காவுக்கும் தோட்டம் இருந்தது. குசினிக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், நாலு பாய் விரிக்கிற அகலம். பால்மா வந்த தகரப் பேணியிலும் சிரட்டையிலும் மிளகாய், கத்தரி, தேசி, மாதுளை எல்லாம் முளைக்கும். அண்ணை அந்தப் பக்கம் போவதில்லை. ஒருநாள் அக்கா பன்னிரண்டு கத்தரிக் கன்றுகளைப் பெட்டியில் வைத்து முன்னுக்குக் கொண்டுவந்தா.

"இஞ்சேருங்கோ, இதை முன்வளவிலை நடுவமோ?"

"இதென்ன?"

"கத்தரிக் கன்று."

"இது கன்றோ? ஆடு பாத்தாலும் கவலைப்படும். கன்று எண்டால் நேர்சரிக் கன்று. நீ குசினியைப் பார், விமலா."

அக்கா குசினியைப் பார்த்தா. குசினி வாசலில் நின்று ஒழுங்கையையும் பார்த்தா. வெள்ளிக்கிழமை, அண்ணை கந்தோரில் இருக்கும் நேரம், பழனியாண்டி சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு கன்றும் பெட்டிக்குள் ஏறின. ஒரு கட்டிச் சவுக்காரம் அக்காவின் கைக்கு வந்தது. அந்த நாளில் சவுக்காரம் என்றால் தங்கம் மாதிரி.

ஞாயிறு மத்தியானம் அண்ணை வியர்த்து விறுவிறுத்து வந்தார். பத்துக் கட்டை தூரம் சைக்கிள் ஓடிய களைப்பு. கரியரில் பன்னிரண்டு கத்தரிக் கன்று.

"பார் விமலா! இதெல்லோ கன்று! தண்டைப் பார், மினுக்கத்தைப் பார்!"

அக்கா பார்த்தா. மூன்றாவது கன்றின் இரண்டாவது இலையை வெட்டுக்கிளி அரித்த இடம் அவவுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

"ஓமப்பா," என்றா. "நல்ல வடிவான கன்று. வளத்த கை நல்ல கை."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சவுக்காரம் நின்றுவிடும். அதோடு, ஒரு மனுசன் தன் வீட்டுக் கன்றை வாங்கப் பத்துக் கட்டை சைக்கிள் மிதிக்கிறதைப் பார்ப்பதில் ஒரு இன்பம் இருக்கிறது. அதைச் சட்டென்று முடிக்க மனம் வராது. இது என் மனைவி சொன்னது. விமலேஸ்வரி அக்காவின் மனதுக்குள் இருந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு இடைஞ்சல்தான். கன்று வைக்கிற பொலித்தீன் பை கண்ணாலும் காணக் கிடைக்காது. சிரட்டையில் வைத்தால் அண்ணைக்குத் தெரிந்துவிடும். திடீரென்று ஒரு ஞாயிறு பழனியாண்டியின் கூரைக்குக் கீழே துணிப்பைகள் நின்றன. கெட்டித் துணி, இரட்டைத் தையல். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

"பையோடையே நடலாம் விமலா! துணி உக்கிப்போம். வேர் நோகாது. எங்கையோ படிச்ச ஆக்கள் கண்டுபிடிச்சிருக்கினம்."

"படிச்ச ஆக்கள்தான்," என்றா அக்கா.

அந்த வருடம் காற்றும் கடும் காற்று. கொடியில் காயப்போட்ட அண்ணையின் உடுப்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. மேலுக்குப் போடுகிற சேட்டு மூன்று, இடுப்பில் கட்டுகிற சறம் இரண்டு. "காத்து கொண்டுபோட்டுதப்பா," என்றா அக்கா. காற்றுக்கு ஓரவஞ்சனை கிடையாது. எங்கள் கொடியிலிருந்தும் சிலது போனது. காணாமல் போன சேட்டுகளில் ஒன்றைப் பற்றி அண்ணைக்குக் கவலையே இல்லை. முத்திரை மை பட்ட பெருவிரலைப் பொக்கற்றில் துடைக்கிற பழக்கம் அவருக்கு. அந்தச் சேட்டின் பொக்கற் முழுக்க ஊதாக் கைநாட்டு. தோய்த்தாலும் போகாது.

அப்போதுதான் வீட்டுத்தோட்டப் போட்டி வந்தது. விவசாயப் போதனாசிரியை நேசமலர் மிஸ் வீடு வீடாகப் பார்த்துப் புள்ளி போடுவா. பள்ளிக்கூட மைதானத்தில் கண்காட்சி வைத்து, முதல் பரிசாகப் பூவாளி கொடுப்பார்கள். தகரப் பூவாளி, புதிது.

"முதல் பரிசு எனக்குத்தான்," என்றார் அண்ணை. "அது கிடைச்ச கையோடை உன்ரை பேணிச் சந்தையைத் துப்புரவாக்கிறன். அந்த இடத்திலை மல்லிகைப் பந்தல். கீழை ஒரு சாய்மனைக் கதிரை. நான் அதிலை."

அந்த நாலு பாய் இடம்தான் அக்காவின் இராச்சியம். ஆனால் பயத்தை முகத்தில் காட்டவில்லை.

"அதென்ன நியாயம்? நீங்கள் வாங்கின கன்று திறமோ, நான் வளத்த கன்று திறமோ எண்டு போட்டி சொல்லட்டும்."

"சொல்லட்டும்! என்ரை கன்று வெண்டால் பின்பக்கம் எனக்கு."

"நான் வளத்த கன்று வெண்டால்?"

"வெண்டால்!" அண்ணை சிரித்தார். "முன்வளவையும் எடு. கிணத்தையும் எடு. கதிரையையும் எடு!"

"பேந்து மாறக்கூடாது."

"யோகநாதன் மாறினதாச் சரித்திரமில்லை."

நேசமலர் மிஸ் வந்தா. முன்வளவைப் பார்த்து வாய் பிளந்தா. துணிப்பையில் நின்ற கன்றுகளை மட்டும் எண்ணினா: அறுபத்து நாலு. முதல் பரிசு யோகநாதன் அண்ணைக்கு. சந்தேகமேயில்லை.

கண்காட்சி நாள் மைதானம் நிறைந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் ஒலிபெருக்கி எப்படி? மேடைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க, தைனமோவில் குரல் வந்தது. மிதிக்கிறவர் களைத்தால் பேச்சாளரும் களைப்பார்.

அண்ணைக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அண்ணை ஒரு தேசிக் கன்றைப் பையோடு தூக்கிப் பிடித்தார்.

"சபையோருக்கு வணக்கம். வீட்டிலை பேணியளுக்கை வளக்கிறதெல்லாம் கன்றில்லை. என்ரை மனுசியும் பின்னுக்கு ஏதோ வளக்கிறா. நான் குறை சொல்லேல்லை. பெண்டுகளுக்குப் பொழுதுபோக வேணும்."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. விமலேஸ்வரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினா.

"இந்தப் பையைப் பாருங்கோ. என்ன மூளை! இதிலை ஒரு சின்னப் பொக்கற் கூட வைச்சுத் தைச்சிருக்கினம். யூரியா இல்லாத காலத்திலை சாம்பல் போடுறதுக்கு எண்டு நினைக்கிறன்." விரலை விட்டுக் காட்டினார். "இந்தக் கன்றை வளத்த கையை நான் கும்பிடவேணும். இந்த மாலை எனக்கில்லை. அந்தக் கைக்குத்தான்! பழனியாண்டி, மேடைக்கு வாரும்!"

பழனியாண்டி வந்தார். மாலையைக் கண்டதும் ரெண்டடி பின்வாங்கினார்.

"ஐயா, இத எனக்குப் போட்டா பாவங்க. நான் விக்கிறவன். வளத்தது உங்க வீட்டம்மா. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம உங்க குசினிப் பின்னாலதான் எடுத்துட்டு வாறேன்."

மிதித்துக்கொண்டிருந்தவர் மிதிப்பதை மறந்தார். ஒலிபெருக்கி நின்றது. சிரிப்புக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அண்ணை கையிலிருந்த பையை மெல்லத் திருப்பினார். பொக்கற்றின் மேல் ஊதாக் கைநாட்டு. ஒன்று, இரண்டு, ஏழு. தன் பெருவிரலை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். அளவு சரி.

நேசமலர் மிஸ் விமலேஸ்வரி அக்காவை மேடைக்குக் கூப்பிட்டா. அக்கா நிமிர்ந்த நடையில் ஏறினா. அண்ணை மாலையை நீட்டினார். கை நடுங்கியது.

"கலியாணத்திலையும் இப்பிடித்தான் நடுங்கினது," என்றா அக்கா மெதுவாக. "கெதியாப் போடுங்கோ. சனம் பாக்குது."

போட்டார். மைதானம் கைதட்டியது. அக்கா பூவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடம் சுமக்கிற மாதிரி, ஒழுங்கை நீளத்துக்கு நடந்து வந்தா. பின்னால் அண்ணை, கன்றோடு.

முன்வளவு போனது. கிணறு போனது. சாய்மனைக் கதிரை மட்டும் அண்ணையிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் இருந்து பைகளுக்கு மண் நிரப்புவார். ஸ்கந்தபுரம் போகிற சைக்கிள் ஓய்வெடுத்தது.

இவ்வளவும் சரி. கணக்குத்தான் இடித்தது.

ஒரு சேட்டில் நாலு பை வரும், ஒரு சறத்தில் ஆறு. இதுவும் என் மனைவி சொன்னதுதான். மூன்று சேட்டு, இரண்டு சறம்: இருபத்து நாலு பை. மிஸ் எண்ணியது அறுபத்து நாலு. மிச்சம் நாற்பது பைக்குத் துணி எங்கே? பழஞ்சீலையாக இருக்குமோ என்று ஒருதரம் கேட்டேன். "சீலைத்துணி ஒண்டும் சேர்க்கேல்லை, ஈரத்துக்கு நிக்காது," என்று சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிறகு ஊரோடு இடம்பெயர்ந்தோம். எத்தனையோ சாமானை விட்டுவிட்டு, தன் தையல் மெஷினை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாள் என் மனைவி. போன கிழமை அவள் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். இரட்டைத் தையல். விமலேஸ்வரி அக்காவிடம் மெஷின் இருந்ததில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு மெஷின்தான் இருந்தது. இரண்டு வளவுக்கும் நடுவில், வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டும் இருந்தது. அந்த ஒன்றரை வருடமும் எங்கள் வீட்டில் சவுக்காரம் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

ஐம்பத்தாறு வயதில், பக்கத்தில் போய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளிடம் கேட்டேன்:

"உண்மையைச் சொல். காத்து கொண்டுபோன என்ரை நீலக் கோடு போட்ட சேட்டிலை எத்தினை பை வந்தது?"