குழந்தைக்குரிய சூழல்

செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் ஏறினாலும் வேர்க்காத கண்டக்டருக்கு, தத்து அலுவலகக் கடிதத்தைப் பிரித்ததும் குப்பென்று வேர்த்தது. 'தங்கள் இல்லம் குழந்தை வசிக்கத் தகுதியுடையதா என வியாழனன்று நேரில் ஆய்வு செய்யப்படும்.'

மூன்று நாள் லீவு போட்டார். மேஜை முனைகளுக்கு ஸ்பாஞ்சு கட்டினார். பிளக் ஓட்டைகளை அடைத்தார். சுவருக்கு வெள்ளை அடித்தார். கத்தி, அரிவாள்மனை எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டதால் அவர் மனைவி வெங்காயத்தைக் கையால் பிய்த்துச் சமைத்தாள்.

வியாழனன்று ஆய்வாளர் அம்மா வந்தார். கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா இங்க குழந்தை இருக்கிற மாதிரியே தெரியலையே?"

"குழந்தை இல்லைங்க மேடம். அதனாலதான் மனு போட்டோம்."

"புரியுதுங்க. பன்னிரண்டாவது கேள்வி, 'குழந்தைக்குரிய சூழல் நிலவுகிறதா?'ன்னு கேக்குது. இல்லைன்னு எழுதினா ஃபைலை மூடிடுவாங்க. உண்டாக்கி வைங்க. அடுத்த மாசம் வரோம்."

அரசு ஆணைப்படி சூழல் உண்டாக்கும் பணி தொடங்கியது. மச்சினியின் மகளை வரவழைத்து, கையில் கலர் பென்சிலைக் கொடுத்து, "சுவத்துல கிறுக்கும்மா" என்று கெஞ்சினார்கள். "கிறுக்கினா அம்மா அடிப்பாங்க" என்று அவள் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் கண்டக்டரே முட்டி போட்டு ஒரு யானை வரைந்தார்.

மனைவி தள்ளி நின்று பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. மாட்டிக்குவோம்."

நாலு கால் யானைக்கு இன்னும் இரண்டு கால் போட்டார்.

அடுத்த மாதம் வந்தவர் வேறு ஆய்வாளர். சுவரையே பார்த்தார்.

"வீட்டுல ஏற்கெனவே குழந்தை இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இதை வரைஞ்சது?"

பொய் சொல்லக் கண்டக்டருக்கு வாய் வரவில்லை. "நான்தான் சார்."

ஆய்வாளர் நெடுநேரம் ஆலோசித்து எழுதினார்: 'மனுதாரர் குழந்தை உள்ளம் கொண்டவர். பரிந்துரைக்கப்படுகிறது.'

இப்படியாக நாலு வயது மகள் வந்து சேர்ந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: "நான் அழ மாட்டேன். குடுக்கறதைச் சாப்பிடுவேன். ராத்திரி கூப்பிட மாட்டேன்."

கண்டக்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "யாரு கண்ணு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"ஹோம்ல டீச்சர். நீங்க என்னைப் பாத்துட்டு, நான் எப்படின்னு எழுதுவீங்களாமே?"

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லக் கேட்டாள்.

"என்ன எழுதப் போறீங்க?"