நாற்பத்தொரு பக்கமும் ஒரு நாற்காலியும்

"இந்த ஞாயிற்றுக்கிழமை அது போகுது," என்றாள் மனைவி.

அது என்றால் நாற்காலி. சாய்வு நாற்காலி. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. வாங்கும்போது பழுப்பு நிறம். இப்போது என்ன நிறம் என்று விஞ்ஞானிகள் கூடித்தான் முடிவு சொல்லவேண்டும். ஒரு கால் ஒடிந்து, அந்த இடத்தில் ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி முட்டுக் கொடுத்திருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது முக்காலி. அவள் கணவர் நன்றி மறக்காத மனிதர், நாற்காலி என்றே சொல்லிவந்தார்.

மனிதர் ஒரு மென்பொருள் கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறவர். வீட்டிலிருந்தே வேலை. அவருக்கு அது நாற்காலி இல்லை, கோட்டை. பெரிய அலமாரிக்குப் பின்னால், சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்த ஓர் இடத்தில்தான் யார் எதற்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அது போனால் அடுத்த இடம் சாப்பாட்டு மேஜை. சாப்பாட்டு மேஜையோ மனைவியின் நேர்ப்பார்வையில் இருந்தது. அங்கே சும்மா உட்கார்ந்தவன் வெங்காயம் உரிக்காமல் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மனைவி மருந்துக்கடை வைத்திருப்பவள். தினம் எட்டு மணி நேரம் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கிறவள். அவளிடம் எதையும் மறைத்து எழுத முடியாது என்பது ஊருக்கே தெரியும். கட்டிக்கொண்டவருக்கு மட்டும் தெரியவில்லை.

"எதை வெச்சு அது வேண்டாம்னு சொல்ற?" என்றார்.

"என் புடவையைக் கிழிச்ச ஸ்பிரிங்கை வெச்சு."

"அதெல்லாம் உணர்ச்சி. ஆபீஸ்ல நாங்க ஒண்ணைத் தூக்கணும்னா சும்மா தூக்கிட மாட்டோம். முதல்ல ஆவணம் எழுதுவோம். அப்புறம் பில்டு ஓட்டுவோம். பிழை வரலைன்னாத்தான் தூக்குவோம்."

"தமிழ்ல சொல்லுங்க."

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கம் சொல்லச் சொல்லி அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால் விடுவாரா?

"வீட்டுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதுவேன். வெறும் எழுத்துதான். தலைப்புன்னா முன்னால வேலி மாதிரி ஒரு குறி. அழுத்திச் சொல்லணும்னா ரெண்டு பக்கமும் நட்சத்திரம். இதுக்குப் பேரு மார்க்டவுன். பில்டுன்னு ஒரு கட்டளை கொடுத்தா, மாவு மில்லுல போட்ட மாதிரி எல்லாம் அரைஞ்சு, எச்டிஎம்எல் பக்கமா வெளிய வரும். உன் போன்லயே பார்த்துக்கலாம். ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் இருக்கும். லிங்க் காட்டுற பக்கம் இல்லைன்னு வெச்சுக்கோ, மில் நின்னுடும். சிவப்புச் சிவப்பா கத்தும்."

"என்னை மாதிரியா?"

"உன் அளவுக்கு இல்லை. கேளு. பிழையே இல்லாம பில்டு ஆச்சுன்னா, எந்தச் சாமான் வேணும்னாலும் வீட்டை விட்டுப் போகலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் போகக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் உடனே.

பதினாறு வருஷத்தில் அவள் இப்படி உடனே சம்மதித்தது ஒரே ஒரு தடவைதான். அது இவரைக் கட்டிக்கொள்ள. அந்த அனுபவத்துக்குப் பிறகாவது மனிதர் உஷாராகியிருக்கவேண்டாமா?

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அப்போது ஏணிமேல் நின்று கூடத்து ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சாட்சி," என்றார் மனிதர் அண்ணாந்து.

"எதுக்கு சார்?"

"இந்த விதிக்கு."

"விதின்னு ஆயிட்டா யாரால சார் மாத்த முடியும்," என்றார் ஏணிமேல் இருந்தவர்.

மூன்று நாள் எழுதினார். கம்பெனி காத்திருந்தது. உலகமே காத்திருந்தது என்றும் சொல்லலாம். நாற்பத்தொரு பக்கம்! சுவரில் இருந்த ஆணிக்கு ஒரு பக்கம். ஆணி விழுந்த ஓட்டைக்கு ஒரு பக்கம். அதில் இருந்த சூழ்ச்சி என்னவென்றால், நாற்காலியைப் பற்றி ஒரே பக்கம்தான். ஆனால் மற்ற நாற்பது பக்கமும் அந்த ஒரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தன.

ஃபிரிட்ஜ்: நாற்காலியிலிருந்து ஒன்பதடி.

கேஸ் வால்வு: நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று நாலு எட்டு நடக்கவும்.

பல் பிரஷ்: பச்சை மனைவியுடையது. நீலம், நாற்காலியில் உட்காருகிறவருடையது.

மாமியார்: வந்தால் நாற்காலியில் உட்கார வைக்கவேண்டாம். எழுந்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவியைக் கூப்பிட்டார். நாற்காலிப் பக்கத்தை அவள் கண்ணெதிரேயே அழித்தார். கட்டளையைத் தட்டினார். திரை முழுக்க ரத்தக்களரி. நாற்பது பிழை!

"பார்த்தியா? நாற்காலியை எடுத்தா வீடே இடிஞ்சு விழுது. இனிமே ஃபிரிட்ஜ் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச்சீட்டைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தாள். அப்புறம் கீழிருந்து மேலே படித்தாள்.

"ஐயோ பாவம். ஒரு பக்கம் இல்லாம நாற்பதும் படுத்துடுச்சே. திருப்பிப் போட்டுடுங்க."

போட்டார். பிழையெல்லாம் போய்ப் பச்சை வந்தது. மனிதர் கோட்டையில் சாய்ந்து, கால் நீட்டி, சாயங்காலம் வரை குறட்டை விட்டார். அந்தக் குறட்டையில் அலமாரிக் கதவு இரண்டு முறை தானாகத் திறந்து மூடியது என்பார்கள்.

ஞாயிறு காலை வெற்றிக் குளியல். ஒரு மணி நேரம். பாட்டு வேறு. வாளிகூட மூக்கைப் பிடித்துக்கொள்கிற பாட்டு. துண்டோடு வெளியே வந்தால், மனைவி மடிக்கணினியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, பில்டு ஓட்டுங்க."

"எதுக்கு?"

"ஒரு சாமானை அனுப்பணும்."

பக்கத்தை அழித்துவிட்டாளோ? எண்ணினார். நாற்பத்தொன்று. லிங்க்கை மாற்றிவிட்டாளோ? மாற்றவில்லை. ஒரு நட்சத்திரம்கூட இடம் மாறவில்லை.

"நீ எதையுமே தொடலையே!"

"உங்க எழுத்தை நான் எதுக்குங்க தொடறேன்?"

தட்டினார். நாற்பத்தொரு பக்கமும் மளமளவென்று அரைபட்டு விழுந்தன. பிழை: பூஜ்யம். ஆகா, இந்த மாதிரி ஒரு பச்சையை எந்தத் தோட்டத்திலும் பார்க்கமுடியாது! கண் திரையில் இருக்க, கால் தானாக அலமாரிக்குப் பின்னால் நடந்தது. பதினாலு வருஷப் பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே சாய்ந்தார்.

தரை வந்து தாங்கிக்கொண்டது.

"நாற்காலி எங்கடி?"

"போயிடுச்சு."

"எப்படிப் போகும்? பிழை..."

"எத்தனை வந்துது?"

"பூஜ்யம்."

"பிழை இல்லைன்னா போகலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நேத்து நாற்பது வந்துதே!"

"நேத்து நீங்க பக்கத்தை எடுத்தீங்க. நான் எதுக்குப் பக்கத்தை எடுக்கணும்? நீங்க எழுதின பக்கத்துல இருக்கிற ஸ்பிரிங்கா என்னைக் குத்துது? நாற்காலியைத்தான் எடுத்தேன். உங்க மில்லு வீட்டுக்குள்ள எட்டியா பார்க்கப்போகுது?"

மனிதருக்குச் சுருக்கென்றது. இது அவருக்குத் தெரியாத சங்கதியா? அவர் கம்பெனிக் கையேட்டிலேயே, போன வருஷம் எடுத்துவிட்ட பொத்தானை அழுத்தச் சொல்லி ஆறு பக்கம் இருக்கிறது. அதுவும் தினம் பச்சையாகத்தான் வருகிறது. பக்கம் அசையாச் சொத்து. நாற்காலி அசையும் சொத்து.

ஆனாலும் ஒரு ஓட்டை அகப்பட்டது.

"பில்டுக்கு முன்னாலயே தூக்கிட்டே! விதிப்படி அப்புறம்தான் தூக்கணும். செல்லாது! சாட்சி இருக்கார்!"

"போய்க் கேளுங்க," என்றாள் மனைவி. "துண்டை இறுக்கிக்கிட்டுப் போங்க."

எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சாட்சி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது அதில்தான். ஸ்பிரிங் உள்ளே போயிருந்தது. நாலாவது கால் முளைத்திருந்தது. அதை நாற்காலி என்று சொன்னால் இப்போது யாரும் மறுக்கமுடியாது.

"வாங்க சார். உக்காருங்கன்னு சொல்லலாம்னா, இருக்கறது இது ஒண்ணுதான்."

"யோவ், நீர் சாட்சி!"

"ஆமா சார். சத்தியமா சொல்றேன், ஒரு பிழை இல்லாம வந்து சேர்ந்துது. அக்காவும் நானும்தான் தூக்கிட்டு வந்தோம்." கைப்பிடிக்குக் கீழே துழாவினார். "சாய்ற பிடிதான் எதுன்னு புரியலை. நீங்க இதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்களாமே, அக்கா சொன்னாங்க. அந்த லிங்க்கைக் கொஞ்சம் அனுப்புங்களேன்."

அனுப்பினார். வேறென்ன செய்வார்? எழுத வந்த நாளாக, அவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிக்கிற முதல் வாசகர் ஆயிற்றே.